சுருங்கிப் போன வியாழக்கிழமை

அத்தியாயம் 9

"நன்னா இருந்த வீடியோவை இந்தப் பொண்ணு அரைச்சுத் துவையலாக்கி வச்சிருக்கா, மிஸ் வாலாம்பாள். இனிமே நீங்க அதுல என்னத்தைத் துப்பறிஞ்சு, என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறேள்?"

சொன்னவர் சுந்தரராமன். கரமனை ஆற்றோர அக்ரஹாரக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர். திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் ஆண்களுக்கு இரண்டே வழிகள். காலையில் நடக்கலாம், அல்லது குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராகலாம். சுந்தரராமனுக்கு முழங்கால் வலி.

வாலாம்பாள் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீவராகத்தில் காப்பிப்பொடிக் கடை மாடியில் 'வாலா துப்பறியும் நிலையம்' நடத்துகிறவள். தணிக்கை ஆபீஸில் பிறர் பொய்களைத் திருத்தியே பாதி ஆயுள் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இப்போது காணாமல் போன தோடு, மூக்குத்தி, மாப்பிள்ளை ஆகியவற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். பக்கத்தில் நின்றவன் அவளுடைய உதவியாளன் செல்வகணேஷ். வள்ளியூர்க்காரன். முன்பு கல்யாணப் பந்திகளில் சாம்பார் வாளி தூக்கியவன். வாளியை விட்டான், வாயை விடவில்லை.

"துவையல்னா சாப்பிட்டுப் பாத்துதான சார் சொல்லணும்" என்றான்.

சுந்தரராமன் அவனைப் பார்க்கவில்லை. தலைவர்கள் உதவியாளர்களைப் பார்ப்பதில்லை.

விஷயம் இதுதான். ஓணத்துக்கு நகரத்துச் சங்கங்களுக்குள் நடக்கும் அத்தப்பூக்களப் போட்டியில் போன வருஷம் இவர்கள் ஜெயித்தார்கள். தினமும் வாசலில் கோலம் போடுகிற கைகள் பூவைப் போட்டால் ஜெயிக்காமல் என்ன செய்யும்? பரிசு ஒரு வெள்ளிச் சுழற்கோப்பை. வருகிற வாரம் மந்திரி முன்னிலையில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் சங்க ஆபீஸைத் திறந்தால் கண்ணாடி அலமாரியில் கோப்பையைக் காணோம்.

ஆபீஸில் ஒரு கேமரா உண்டு. துபாயிலிருந்து ஒரு நல்ல மனசுக்காரர் அனுப்பி வைத்தது. அலமாரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். படத்தில் தேதி, நேரம் காட்டும் வசதிக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள் என்று தலைவர் அதை வேண்டாம் என்றுவிட்டார். காலைக்கு ஒரு ஃபைல், மத்தியானத்துக்கு ஒரு ஃபைல் என்று கம்ப்யூட்டரில் சேமிக்கும். ஆபீஸ் காலையில் மட்டும்தான், பதவிக்காரர்களிடம் ஆளுக்கொரு சாவி. மத்தியானம் பூட்டிவிட்டு எல்லோரும் தூங்கப் போய்விடுவார்கள், கேமரா மட்டும் விழித்திருக்கும். சாயங்காலம் வாட்ச்மேன் நெல்லையப்பன் வந்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, தன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வராந்தாவில் படுப்பார்.

வியாழக்கிழமை மத்தியான ஃபைலில் கோப்பை அலமாரியிலேயே இருந்தது. யாரும் உள்ளே வரவில்லை. அப்படியானால் களவு ராத்திரி. ராத்திரி அங்கே இருந்தவர் ஒரே ஆள். ஆகவே நெல்லையப்பன் திருடன். இதை வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு முன்பே செயற்குழு ஏகமனதாகக் கண்டுபிடித்துவிட்டது, தலைவர் அதை மைக்கில் தெருவுக்கே அறிவித்தும்விட்டார். இன்று ஞாயிறு. சாயங்காலம் பொதுக்குழு. அங்கே அவரைப் போலீஸில் ஒப்படைக்கத் தீர்மானம். ஆனால் விசாரணை நடந்ததாக ஒரு வரி இருந்தால் தீர்மானம் எடுப்பாக இருக்குமே என்று தலைவரே முன்வந்து வாலாம்பாளைக் கூப்பிட்டிருந்தார். தோடு தேடுகிற மாமிதானே, வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவாள் என்பது அவர் எண்ணம்.

"அந்த வீடியோ தெளிவா இருந்தது. இப்போ பாருங்கோ, பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. எல்லாம் இவளால."

இவள் என்பது ஜெஸ்லின். நேமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகும் பகுதி நேரக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். முகம் சிவந்து நின்றாள்.

"சார்தான சொன்னது, டிஸ்க்ல இடம் இல்ல, சனிக்கிழமைதோறும் எல்லா வீடியோவையும் சின்னதாக்கி வைன்னு. நான் நேத்து அதைத்தான் செய்தேன். எப்பவும் போல பழசை அழிச்சாச்சு."

"நான் சொன்னது இடத்தைச் சேமிக்கச் சொல்லி. சாட்சியத்தைச் சேமிக்காதேன்னா சொன்னேன்?"

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம். நீதிக்கு நேரம் ஒதுக்கலாம், அவியலுக்குக் காத்திருக்க முடியாது. "அஞ்சு மணிக்குப் பாக்கலாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு, இரண்டு வாசல் தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் செல்வகணேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டான். "அந்த டிஸ்க்குல அப்படி என்னதான் நிறைஞ்சு கிடக்கு?"

"பிரசிடெண்ட் சார் பேச்சு" என்றாள் ஜெஸ்லின். "ஓணம், குடியரசு தினம், ஓடை திறப்பு, ஓடை மூடல். எல்லாம் இருக்கு."

வாலாம்பாள் முதல் முறையாக வாய் திறந்தாள். "இந்தச் சின்னதாக்கறது எப்படிம்மா? துணியை நனைச்சா சுருங்கற மாதிரியா?"

"அல்ல மாமி. படத்துல அசையாததை அது திரும்பத் திரும்ப எழுதாது. முதல்ல ஒருக்கா சுவர், அலமாரின்னு எழுதும். பொறவு மேற்படி, மேற்படின்னு போட்டுட்டே போகும். அசையறதை மட்டும் புதுசா எழுதும். ஆளு நடமாட்டம் இருந்தா ஃபைல் பெருசா நிக்கும். ஒண்ணும் அசையலைன்னா சுருங்கி ஒண்ணுமில்லாம போவும்."

"நம்ம சர்க்கார் ஆபீஸ் பூராவும் ஒரே சி.டி. தட்டுல அடக்கிரலாம்" என்றான் செல்வகணேஷ்.

"சின்னதாக்கறதுக்கு முன்னாடி?"

"முன்னாடி எல்லா மத்தியானமும் ஒரே அளவுதான். ஆளு வந்தாலும் வரலைன்னாலும்."

வாலாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தாள். தலைவரின் பேச்சுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் சுருக்கிய பிறகும் யானை கனம்.

"இவர் நின்ன இடத்துல நின்னு பேசறவர். உதடு மட்டும்தானே அசையும்? சுருங்கியிருக்கணுமே."

"கைதட்டல் ஜாஸ்தி மாமி. ஹால் நிறைய கை அசையும்லா, அதான்."

செல்வகணேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "போன ஓணத்துக்கு நாந்தான் இங்க சுண்டல் கொடுத்தேன். தட்டினது நாலு பேரு. அதுல ரெண்டு பேரு கொசுவைத் தட்டினாங்க."

ஜெஸ்லின் ஓணப் பேச்சைத் திறந்தாள். தலைவர் நாட்டின் நிலைமையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். உடனே ஹால் முழுக்கக் கைகள் பறந்தன. முன் வரிசையில் கிளிப்பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி தட்ட, அவள் மடியில் குழந்தை கொட்டாவி விட்டது. அடுத்த வாக்கியம். மறுபடி கைகள், மறுபடி கிளிப்பச்சை, மறுபடி அதே கொட்டாவி. குடியரசு தினப் பேச்சைத் திறந்தார்கள். அங்கேயும் கிளிப்பச்சை, அங்கேயும் கொட்டாவி.

"பிள்ளை மாசக்கணக்கா வளரவே இல்ல மாமி. சத்துக் குறைவு" என்றான் செல்வகணேஷ்.

ஜெஸ்லின் வாயில் கை வைத்துக்கொண்டாள். "இது குட்டிப்பிள்ளைகள் டான்ஸுக்குத் தட்டினதாக்கும். யாரோ வெட்டி ஒட்டியிருக்கு. நான் இல்ல மாமி, சத்தியமா. என்கிட்ட வரும்போதே இப்படித்தான் இருந்தது."

"இந்த வித்தை இங்கே யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். செகரட்டரி வெங்கிடேஷ் சாருக்குத் தெரியும், கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை. பிரசிடெண்ட் சார் மவுஸையே தொடமாட்டாரு. மெயில் வந்தா நான் அச்செடுத்துக் கொடுக்கணும். பதிலைப் பேனாவால எழுதித் தருவாரு."

"உம்" என்றாள் வாலாம்பாள். அவள் 'உம்' போட்டால் செல்வகணேஷ் பேசுவதை நிறுத்திவிடுவான். வேறு எதற்கும் நிறுத்த மாட்டான்.

"இந்த வாரத்து மத்தியானத்தையெல்லாம் காட்டு குழந்தே."

காட்டினாள். திங்கள் கொழுகொழு என்றிருந்தது. செவ்வாயும் அப்படியே. புதனும் வியாழனும் மட்டும் எலும்பும் தோலுமாகச் சுருங்கிக் கிடந்தன.

"எல்லா மத்தியானமும் பூட்டின ரூம்தானே? ஒருத்தரும் வரலையே? அப்போ திங்களும் செவ்வாயும் ஏன் இத்தனை பெருசு?"

"தெரியலை மாமி."

வியாழனை ஓடவிட்டார்கள். அலமாரி. உள்ளே கோப்பை. மேலே சாமி படம். செல்வகணேஷ் கொட்டாவி விட்டான், அது அவனுடைய சொந்தக் கொட்டாவி.

"எனக்குப் புரிஞ்சு போச்சு" என்றான். "கேமராவுக்கு முன்னால அலமாரி போட்டோவை ஒட்டிட்டு, பின்னால கப்பைத் தூக்கியிருக்கான். போட்டோ அசையாதுல்லா, அதான் சுருங்கிட்டு."

"அந்த மூலையைப் பாரு."

சுவர் மூலையில் ஒரு பல்லி. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு நகர்ந்து டியூப் லைட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

"போட்டோவுல பல்லி நடக்குமாடா?"

"நடக்காது. என் மூளையை நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்."

வாலாம்பாள் எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். படிக்கட்டுக்குக் கீழே நெல்லையப்பன் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அவரை உள்ளே விடவில்லை, வீட்டுக்கும் போகவிடவில்லை. அவளைக் கண்டதும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார்.

"உக்காருங்கோ. வியாழக்கிழமை ராத்திரி உள்ளே போனப்போ கோப்பை இருந்துதா?"

"கவனிக்கல தாயி. பொய் சொல்லக்கூடாது. பொத்தானை அமுக்கி அணைப்பேன், வெளிய வருவேன். தெனமும் நின்னு பாக்க அது என்ன சாமியா?"

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"பணகுடியில மூத்தவளுக்கு முடிவாகியிருக்கு. வர்ற தையில கல்யாணம். இங்க ஓட்டல்ல வேலை பாக்குற பய ஒருத்தன் மாப்ள வீட்டுக்கு போன் போட்டுட்டான். உங்க சம்பந்தி திருடிட்டாராமேன்னு. அவங்க எம் பொஞ்சாதிகிட்ட, போலீஸ் வந்து எல்லாம் முடியட்டும், பொறவு பேசுவோம்னு சொல்லிட்டாங்க. அவ பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல."

செல்வகணேஷுக்கு அப்போது ஒரு கிண்டலும் வரவில்லை. தன் ஊர்ப் பக்கத்துப் பேச்சு அது. தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று செருப்பைச் சரி செய்கிற சாக்கில் குனிந்தான்.

வாலாம்பாளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் மிகவும் மெதுவாக நடப்பாள். மெதுவாக உள்ளே வந்து, கேமராவுக்கு அடியில் நாற்காலியைப் போட்டு, அது பார்க்கிற திசையிலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமி, என்ன பாக்கீங்க?"

"கேமரா என்ன பாத்துதோ, அதை."

நேரம் போயிற்று. வெயில் மேற்கே சாய்ந்து, ரோட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே வந்து அலமாரியில் விழுந்தது. வெளியே பஸ் ஸ்டாப்பில் ஒரு பஸ் முனகியபடி வந்து நின்றது. அலமாரியின் கண்ணாடிக் கதவு இருண்டது. பஸ் கிளம்பியது, கண்ணாடி வெளுத்தது. பின்னாலேயே ஒரு ஆட்டோ போயிற்று, ஒரு கீற்று நிழல் கண்ணாடியைக் குறுக்கே வழித்துக்கொண்டு போனது. அப்புறம் ஒரு லாரி. அப்புறம் மறுபடி பஸ்.

"ஜெஸ்லின், திங்கக்கிழமையைப் போடு."

திங்கட்கிழமை மத்தியானம் கோப்பை அலமாரியில் இருந்தது. கண்ணாடி இருண்டது, வெளுத்தது, இருண்டது. நிழல்கள் ஓயாமல் போய்க்கொண்டே இருந்தன. எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள், கண்ணாடியை யார் பார்த்தார்கள்?

"இப்போ வியாழன்."

வெயில் விழுந்திருந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது. ஜெஸ்லின் ஓட்டி ஓட்டிக் காட்டினாள். ஒரு நிழல் இல்லை.

"கரமனை ரோட்டுல ஒரு மத்தியானம் முழுக்க பஸ்ஸும் போகலை, ஆட்டோவும் போகலைன்னா என்னடா அர்த்தம்?"

இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூடப் பதில் சொல்லும். செல்வகணேஷும் ஜெஸ்லினும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஹர்த்தால்."

"புதன்கிழமையாக்கும் ஹர்த்தால்" என்றாள் ஜெஸ்லின். "கடை இல்ல, பஸ் இல்ல, நான் வரவே இல்ல."

"வியாழக்கிழமை மத்தியானம் இந்த ரோட்டுல பஸ் ஓடித்து. நான் கிழக்கேகோட்டையிலேர்ந்து நின்னுண்டே வந்தேன். ஒரு தடியன் மிதிச்ச மிதியில இன்னும் கட்டைவிரல் வீங்கியிருக்கு." வாலாம்பாள் கால் விரலைக் காட்டினாள். துணி சுற்றியிருந்தது. "இது வியாழக்கிழமையே இல்லை. புதன்கிழமையை எடுத்து வியாழக்கிழமைன்னு பேர் வச்சிருக்கா. சின்னதாக்கறதுக்கு முன்னாடி எல்லா மத்தியானமும் ஒரே அளவு, அதனால யாருக்கும் சந்தேகம் வரலை. நீ சுருக்கினே பாரு, அப்போ வேஷம் கலைஞ்சுது."

"சாட்சியத்தை அழிச்சேன்னு என்னை வைதாரே" என்று ஜெஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ களவு வியாழன் மத்தியானம். ராத்திரி இல்ல. அண்ணாச்சி இல்ல" என்றான் செல்வகணேஷ். "பேரை மாத்தத் தெரிஞ்ச ஆளு வெங்கிடேஷ். போய்ப் பிடிப்போமா?"

"புதன்கிழமை காலை ஃபைல் இருக்கா பாரு" என்றாள் வாலாம்பாள். "ஹர்த்தால் அன்னிக்கு ஆபீஸ் கிடையாதே. கம்ப்யூட்டரைப் போட்டது யாரு?"

ஃபைல் இருந்தது. சுருங்காமல் கொழுத்து இருந்தது. திறந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்ததும் செல்வகணேஷ் முட்டியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு தாங்கவில்லை. வாலாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை.

"இதைச் சாயங்காலம் பெரிய திரையில போடணும். அதுவரைக்கும் மூச்சு விடப்படாது."

பொதுக்குழு வழக்கம்போல் தாமதமாகவும், வழக்கத்துக்கு மாறாக நிறைந்தும் ஆரம்பித்தது. திருட்டு என்றால் கூட்டம் வரும். பேச்சுகளைப் படம் காட்டுவதற்கென்றே வாங்கிய புரொஜெக்டர் ஒன்று ஹாலில் இருந்தது. ஜெஸ்லின் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்தாள். மூலையில் சங்கத்தின் இன்னொரு கேமரா கூட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. பின்வாசலில் நெல்லையப்பன் நின்றார்.

வாலாம்பாள் பஸ் நிழலைப் பற்றிச் சொன்னாள். ஹர்த்தாலைப் பற்றிச் சொன்னாள். "யாரோ ஒருத்தர் புதன்கிழமையை எடுத்து வியாழக்கிழமை மேல போர்த்தியிருக்கா" என்று முடித்தாள். ஹால் சலசலத்தது.

சுந்தரராமன் எல்லோரையும் முந்திக்கொண்டார். "சங்கத்துல கம்ப்யூட்டர் தெரிஞ்ச பதவிக்காரர் ஒருத்தர்தான். நான் பேர் சொல்ல விரும்பலை." சொல்லிவிட்டுச் செயலாளர் வெங்கிடேஷையே பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

வெங்கிடேஷ் முப்பது வயதுக்காரர். வேர்த்துவிட்டது. "நான் எதுக்கு மாமா எடுக்கணும்? எனக்கு ஆத்துல கப் வைக்கவே எடமில்லை. வேணும்னா இப்பவே ராஜினாமா பண்றேன்."

"ராஜினாமா ஏற்கப்பட்டது" என்றார் தலைவர்.

"ஒரு நிமிஷம்" என்றாள் வாலாம்பாள். "ஹர்த்தால் அன்னிக்கு நீங்க எங்கே இருந்தேள்?"

"முதல் நாள் ராத்திரி வேலை, கழக்கூட்டத்துல கம்பெனி பிளாட்லயே தங்கிட்டேன். வண்டி ஓடலையே, எப்படி வர?"

"அப்போ அன்னிக்குக் காத்தால ஆபீஸைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டது பக்கத்துல இருக்கற யாரோ. ஜெஸ்லின், போடும்மா."

திரையில் அலமாரி வந்தது. ஒரு மனிதர் வந்து அதைத் திறந்தார். கோப்பையை எடுத்தார். கேமராவுக்கு எதிரே நின்று, அதைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, "மாண்புமிகு மந்திரி அவர்களே" என்று ஆரம்பித்தார். சுந்தரராமனேதான். ஒரு வாக்கியம் பேசினார். குனிந்து கை நீட்டி எதையோ தட்டினார். ஸ்பீக்கரில் கைதட்டல் எழுந்தது. கைதட்டலை நோக்கித் தலைவர் அடக்கமாகத் தலை வணங்கினார்.

ஹாலில் யாரோ "எந்தா இது சாரே" என்றார்கள்.

திரையில் சுந்தரராமன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து, மறுபடி எதையோ தட்டி, இரண்டாவது கைதட்டலை நீட்டிவிட்டு, அதற்கும் வணங்க எழுந்தார். அதற்குள் நிஜச் சுந்தரராமன் மேடையிலிருந்து எழுந்துவிட்டார். முழங்கால் வலியைக் காணோம். ஜெஸ்லினைத் தள்ளிக்கொண்டு கம்ப்யூட்டரிடம் போனார். ஒரு கை மவுஸில், ஒரு கை விசைகளில். இரண்டு தட்டு. படம் மூடியது. இன்னும் இரண்டு தட்டு. ஃபைலை அழிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது.

அங்கேதான் அவர் கை நின்றது. அழிக்க மனசு வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. தன் பேச்சல்லவா?

"சார் வேகமா டைப் அடிக்கீங்களே" என்றான் செல்வகணேஷ். "எங்க படிச்சீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. சுந்தரராமன் மெதுவாகத் திரும்பினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி பத்மஜா எழுந்து நின்றாள்.

"போதும், நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்றேன். மந்திரி வராரே, கப்பைத் தேச்சு வச்சா நன்னாருக்கும்னு வியாழக்கிழமை மத்தியானம் எடுத்துண்டு வந்தார். வெள்ளிதானேன்னு விபூதி போட்டுத் தேச்சேன். கறுப்பு போகலை. சரின்னு புளி போட்டுத் தேச்சுட்டேன். மேல் பூச்சு மொத்தமும் உரிஞ்சு என் கையோட வந்துடுத்து. உள்ளே பித்தளை. இப்படியே திருப்பிக் கொடுத்தா, வெள்ளியை நாமதான் மாத்திட்டோம்னு ஊர் சொல்லும், களவு போச்சுன்னு சொல்லிக்கலாம்னார். வாட்ச்மேனைச் சொல்லப் போறார்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் ரெண்டு நாளா எனக்குச் சாதம் இறங்கலை. ஆனாலும் வாயை மூடிண்டுதான் இருந்தேன். கப் எங்காத்து அரிசிக் குதிர்ல இருக்கு."

உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளைப் பார்க்க வாலாம்பாளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட வேண்டிய ஆள் பின்வாசலில் நின்றார்.

சங்கங்களுக்கு ஒரு தனித் திறமை உண்டு. எந்த நாற்றத்தையும் ஒரு வரியில் மூடிவிடும். ராஜினாமா செய்த வெங்கிடேஷே முதலில் ஆரம்பித்தார். "நடந்தது நடந்துபோச்சு. எல்லாரும் ஒரே தெரு. மினிட்ஸ்ல 'கோப்பை கிடைத்தது, வாட்ச்மேன் பணியைத் தொடரலாம்'னு எழுதிடலாம். வெளியில போக வேண்டாம்." பல தலைகள் நிம்மதியாக ஆடின. பின்வரிசையில் ஒருவர் வடை எப்போது என்று கேட்டார்.

செல்வகணேஷ் பல்லைக் கடித்தான். "இந்தத் தெருவுக்கே புளி போட்டுத் தேச்சா தேவலை."

"சும்மா இருடா" என்றாள் வாலாம்பாள். "அவர் பேசட்டும்."

நெல்லையப்பன் நடுவழியாக வந்துகொண்டிருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். மேடைக்கு முன்னால் நின்று, கையைக் கட்டாமல், நேராகத் தலைவரைப் பார்த்தார்.

"அய்யா, நீங்க எழுதுறது எங்க ஊருக்கு வராது. என்னைச் சொன்னதை மைக்குல சொன்னீங்க. இதையும் மைக்குல சொல்லுங்க. அந்தப் பிள்ளை படம் பிடிக்கட்டும். வேற ஒண்ணும் வேண்டாம். போலீஸ் கீலீஸ் எனக்கும் வேண்டாம்."

சுந்தரராமன் மைக்குக்கு வந்தார். மைக்கைப் பார்த்ததும் வழக்கம்போல் கை சட்டைப் பைக்குப் போனது. பையில் குறிப்பு எதுவும் இல்லை.

"நெல்லையப்பன் எடுக்கலை" என்றார். "எடுத்தது நான். எடுத்துட்டு அவர் மேல பழி போட்டேன். அவர் நல்லவர். என்னை மன்னிச்சுக்கணும்."

அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அது. கிளிப்பச்சைப் புடவையும் இல்லை, கொட்டாவியும் இல்லை. யாரும் கை தட்டவில்லை. மேடையிலிருந்து இறங்கும்போது முழங்கால் வலி திரும்பி வந்திருந்தது, இந்தத் தடவை நிஜமாகவே வலித்திருக்கும்.

நெல்லையப்பன் ஜெஸ்லினிடம் போனார்.

"தாயி, இதை ஒரு தட்டுல போட்டுத் தருவியா? மாப்ள வீட்டுல பிளேயர் இருக்கு. செல்வகணேஷ் தம்பியும் வள்ளியூர் போகுதாம், ராத்திரி பஸ்ஸுல அவரோட ஊருக்குப் போயிருவேன்."

"தரேன் அண்ணாச்சி. கேமராவுல ஃபைல் பெருசா இருக்கு. கொஞ்சம் பொறுங்க, சட்டுன்னு சின்னதாக்கித் தந்திருதேன்."

அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சின்னதாக்காத தாயி. என்னைக் களவாணின்னப்போ யாரும் சின்னதாச் சொல்லலைல்லா."